டிஸ்லெக்சியாவும் தமிழ் எழுத்தும்: சோதித்துக் கற்பிக்கும் முறை

எழுத்தைக் கண்டதும் அதற்குரிய ஒலியை எடுத்து, ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்கிப் படிப்பதில் ஏற்படும் தொடர் சிரமத்துக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். இந்தச் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும். கதை சொன்னால் புரிந்துகொள்ளும். கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்லும். புத்தகத்தைக் கையில் கொடுத்தால்தான் தடுமாற்றம் தொடங்கும். சொல்வதெழுதுதலில் எழுத்துகள் விடுபடும், இடம் மாறும். சரியாகப் படிக்கும் வரியையும் இழுத்து இழுத்துத்தான் படிக்கும். வீட்டில் "கவனம் இல்லை" என்பார்கள். பள்ளியில் "படிப்பு ஏறலை" என்பார்கள். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து, நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு டிஸ்லெக்சியா இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர் என்று கொள்ளலாம்.

பேச்சு தானாக வருகிறது. சுற்றிலும் பேச்சு கேட்டால் போதும், பிள்ளை மூன்று வயதுக்குள் பேசிவிடும். எழுத்து அப்படி வருவதில்லை. மனித இனம் எழுதத் தொடங்கி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே அமைந்த இடம் கிடையாது. பார்வைக்கும் பேச்சுக்கும் உரிய பகுதிகளைப் பயிற்சியால் இணைத்துத்தான் ஒவ்வொரு பிள்ளையும் படிக்கக் கற்கிறது. அப்படிக் கற்றபின் மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில் ஓரிடம் எழுத்துச் சொற்களை நொடிப்பொழுதில் இனங்காணப் பழகிவிடுகிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு அந்த இணைப்பு மெதுவாகவும் குறைவாகவும் உருவாகிறது. பேச்சை அசையாகவும் ஒலியாகவும் பிரித்துணர்வதில் உள்ள பலவீனமே பெரும்பாலானவர்களிடம் இதன் வேராக இருக்கிறது. இது குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மருத்துவ இதழ்களில் இதைப் பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று 1896ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் சீஃபோர்ட் ஊர் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்' எழுதினார். கணக்கு போடுவதில் அவனுக்குத் தடையில்லை. தன் பெயரை எழுதச் சொன்னால் எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்வழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்துவைத்தார். அந்த ஆசிரியர் கண்டது இன்றைய மதிப்பீட்டுக்கும் அடிப்படையாக இருக்கிறது: கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் படித்துப் புரிந்துகொள்வதற்கும் இடையே விழும் பெரிய பள்ளம்.

1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் இதையே ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினர். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு. கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இரண்டாவது எண் நன்றாக இருக்கிறது, முதல் எண் சிறியது. கற்பித்தலின் வேலை அந்த முதல் எண்ணை வளர்ப்பது. அதை வளர்க்க உருவான வழியே ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரக்சர்டு லிட்டரசி' என்று வழங்கும் கட்டமைக்கப்பட்ட எழுத்தறிவு முறை.

இதன் தொடக்கம் அமெரிக்காவில். அயோவாவில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்டன் 1925இல் படிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அவருடைய கருத்துகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆன்னா கில்லிங்ஹாமும் பெஸ்ஸி ஸ்டில்மனும். 1930களில் அவர்கள் எழுதிய ஆசிரியர் கையேடு ஆங்கில எழுத்துகளையும் அவற்றின் ஒலிகளையும் எளியதிலிருந்து அரியதுக்கு வரிசைப்படுத்தி, கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, வாயால் சொல்லி, கையால் எழுதிப் படிக்கும்படி அமைத்தது. ஆர்டன் மறைந்த மறு ஆண்டான 1949இல் அவர் பெயரால் தொடங்கிய சங்கம் இப்போது சர்வதேச டிஸ்லெக்சியா சங்கம் என்று இயங்குகிறது. அதே வழியில் உருவான பல முறைகளுக்கும் பொதுப்பெயராக 'ஸ்ட்ரக்சர்டு லிட்டரசி' என்ற சொல்லைப் பரப்பியது அந்தச் சங்கம்தான்.

கைவழியாக எழுத்தைக் கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். 1789 முதல் சென்னையில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளி ஒன்றில் இந்த மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். 1797இல் தம் பள்ளியின் கற்பித்தல் முறையை நூலாக எழுதி இங்கிலாந்தில் வெளியிட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஆனால் மணலில் எழுதினால் மட்டும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குப் படிப்பு வந்துவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆர்டன்–கில்லிங்ஹாம் வழிமுறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த மறுபரிசீலனை, பலன் நல்ல பக்கமே சாய்ந்திருந்தாலும் புள்ளியியல் அளவில் உறுதியாகவில்லை என்றது. மறுபுறம், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை வரிசையாகவும் வெளிப்படையாகவும் கற்பிப்பது பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக உள்ளது. அமெரிக்க அரசு அமைத்த தேசிய வாசிப்புக் குழு 2000இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து அதை எடுத்துக்காட்டியது. ஆகவே இந்த முறையின் முதுகெலும்பு வரிசையும் வெளிப்படையான விளக்கமும்தான். தொடுதலும் எழுதுதலும் அதற்குத் துணை.

வெளிப்படையாகக் கற்பிப்பது என்றால், பிள்ளை ஊகித்துக்கொள்ளட்டும் என்று எதையும் விட்டுவைக்காமல் சொல்லிக்கொடுப்பது. படத்தைப் பார்த்தோ முதலெழுத்தைப் பார்த்தோ சொல்லை ஊகிக்கப் பழக்கும் வழக்கம் பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை அதிலேயே சிக்கிக்கொள்ளும். வரிசை என்றால், இன்று கற்பிப்பது நேற்றுக் கற்றதன்மேல் நிற்க வேண்டும். கற்காத எழுத்து படிக்கக் கொடுக்கும் வாக்கியத்தில் வரக் கூடாது. மூன்றாவது, மீள்பயிற்சி. மற்றப் பிள்ளைகள் நாலைந்து முறை பார்த்ததும் நினைவில் வைத்துக்கொள்ளும் சொல்லுக்கு இவர்களுக்குப் பல மடங்கு பயிற்சி வேண்டும். அதைச் சலிக்காமல் கொடுப்பதில்தான் ஆசிரியரின் திறமை தெரிகிறது.

தமிழெழுத்தில் இந்த வரிசை

ஆங்கிலத்துக்கு எழுதிய வரிசையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே 26 எழுத்துகள், நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகள். ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டு. ஐரோப்பாவின் 13 மொழிகளை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் ஃபின்னிஷ், கிரேக்கம், ஜெர்மன் மொழிகளில் படித்த பிள்ளைகள் எளிய சொற்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே சரியாகப் படித்தார்கள். தமிழ் அந்த முதல் கூட்டத்தைச் சேர்ந்தது. எழுத்து தெரிந்தால் பெரும்பாலும் சொல்லைப் படித்துவிடலாம். ஆனால் அந்த எழுத்துகளைத் தெரிந்துகொள்வதே நீண்ட வேலை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. கன்னடப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்த சோனாலி நாக், இத்தகைய எழுத்துத் தொகுதியைக் கற்று முடிக்கத் தொடக்கப்பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி ஆகிறது என்று காட்டினார். ஆங்கிலப் பிள்ளை எழுத்துகளை முதலாண்டிலேயே முடித்துவிடும். ஆகவே முதல் வகுப்பில் எல்லா எழுத்தும் வரவில்லை என்பதை வைத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அரிச்சுவடி வரிசை இலக்கண அழகு உடையது. உயிர் முழுவதும், மெய் முழுவதும், பிறகு உயிர்மெய் என்று பிறப்பிடத்தின்படி அடுக்கப்பட்டது. படிக்கத் திணறும் பிள்ளைக்கு அந்த அடுக்கு உதவுவதில்லை. நூறு எழுத்தைச் சொல்லி முடித்த பிறகும் ஒரு சொல்லைக்கூடப் படித்திருக்காது. ப, ட, ம என்ற மூன்று எழுத்தையும் ம், ட் என்ற இரண்டு புள்ளி எழுத்தையும் மட்டும் முதலில் கற்பித்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்களை அதே நாளில் படித்துவிடலாம். அடுத்து துணைக்கால் ஒன்றைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா கிடைக்கும். படம்–பாடம், மடம்–மாடம் என்று இணையிணையாகப் படிக்கும்போது குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு காதிலும் கண்ணிலும் ஒன்றாகப் பதியும். படம்–பட்டம் இணை ஒற்றைக் காட்டும். கூடவே இன்னொரு விதியையும் காட்டும். தனித்து நடுவில் வரும் ட மென்மையாக ஒலிக்கிறது, இரட்டிக்கும்போது வன்மையாக ஒலிக்கிறது. பத்து, பந்து என்ற இரண்டிலும் 'து' ஒரே எழுத்துதான், ஒலி வேறு. தமிழ் பேசும் பிள்ளை இதைத் தன் காதால் சரிசெய்துகொள்ளும் என்று விட்டுவிடுவது வழக்கம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இதையும் ஒரு பாடமாக வைத்துச் சொல்ல வேண்டும். பஸ், டாக்டர் போன்ற சொற்கள் இந்த விதிக்கு அடங்காதவை என்பதையும் பிறகு ஒருநாள் சொல்ல வேண்டும்.

உகர வரிசையைப் பார்த்தால் அரிச்சுவடியின் இடர் இன்னும் தெளிவாகத் தெரியும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை ஒரு வகையாக வளைகின்றன. சு, பு, யு, வு ஆகியவற்றில் கீழ்நோக்கிய கோடு. து, நு, ணு, லு, று, னு ஆகியவற்றில் சுழித்து மேலேறும் கோடு. 'கு ஙு சு ஞு டு ணு து நு' என்று வரிசையாக ஒப்பிக்கும்போது மூன்று வகையும் மாறி மாறி வந்து ஒன்றையொன்று குழப்புகின்றன. ஒரு வகையை முடித்துச் சொற்களில் பழகிய பிறகு அடுத்த வகைக்குப் போனால் அந்தக் குழப்பத்தில் பாதி குறைந்துவிடும். இந்த ஒரு மாற்றத்துக்குப் புதுப் புத்தகமோ கருவியோ தேவையில்லை. எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் நாளைக்கே செய்யக்கூடியது.

கொம்பு வரும் எழுத்துகள் எல்லாவற்றிலும் கடினமானவை. 'கெ' என்று எழுதும்போது கை முதலில் ஒற்றைக்கொம்பைப் போடுகிறது. வாய் முதலில் சொல்வது ககர மெய்யை. 'கொ' என்பதில் ஒரே உயிரொலி எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கோ' என்றால் கொம்பின் ஒரு சுழி மட்டும் கூடுகிறது. முன்பு ஏட்டில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இந்த வேறுபாடு தெளிவாக இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இரட்டைச் சுழியைக் கொண்டுவந்தார் என்பது வழக்கு. அந்த ஒரு சுழியைக் கவனிக்கத் தவறும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று திட்டுவதைவிட, அதைக் கவனிக்கும்படி பாடத்தை அமைப்பது மேல்.

'கொ' பாடம் ஒன்று எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். முதல் ஐந்து நிமிடம் பழைய எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி ஒலியைக் கேட்பது. பிறகு புத்தகத்தை மூடிவைத்து வாய்ப்பயிற்சி: "கொடி, கொக்கு, கொசு—மூன்றிலும் முதலில் என்ன கேட்குது?" பிள்ளை 'கொ' என்கிறது. "அதை இன்னும் உடை." "க், ஒ." இப்போது மேசையில் மூன்று அட்டைகள்: ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால். நடுவில் 'க' வைத்து இருபுறமும் மற்ற இரண்டையும் பிள்ளையே வைக்கிறது. துணைக்காலை எடுத்தால் 'கெ', வைத்தால் 'கொ'. எடுத்தும் வைத்தும் பலமுறை சொல்கிறது. அடுத்து இணைச் சொற்கள்: செல்–சொல், மெட்டு–மொட்டு, கெடு–கொடு. துணைக்கால் விடுபட்டால் பொருளே மாறிவிடுவதைப் பிள்ளை தானே காண்கிறது. பிறகு ஒவ்வொரு ஒலியையும் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதுகிறது. கடைசியில் இதுவரை கற்ற எழுத்துகளால் மட்டும் அமைந்த இரண்டு வாக்கியங்களைப் படித்து, இரண்டு சொற்களைச் சொல்வதெழுதுதலாக எழுதுகிறது. 'கோ' அன்று வராது. 'கொ' பிசகாமல் வந்த பிறகுதான் தேள்–தோள், பேர்–போர்.

எழுத்து கைவந்தபின் சொல்லின் நீளம் குறுக்கே வரும். தமிழ்ச் சொல் ஒன்றோடொன்று ஒட்டி வளர்வது. 'வீட்டிலிருந்து' என்பதை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பிள்ளை கடைசி எழுத்துக்கு வரும்போது முதலெழுத்தை மறந்திருக்கும். வீடு என்பது வீட்டு என்றாகிறது, அதனோடு 'இல்', 'இருந்து' சேர்கின்றன என்று பகுத்துக் காட்டினால் அதே சொல் மூன்று துண்டாக நிற்கும். மரம்–மரத்து, ஆறு–ஆற்று என்ற மாற்றங்களையும் வேற்றுமை உருபுகளையும் நடுநிலைப் பள்ளியில் இலக்கணமாகப் படித்து மறப்பதைவிட, மூன்றாம் வகுப்பிலேயே வாசிப்புக்கு உதவியாகப் படிப்பது பயனுள்ளது. இன்னொரு தடையும் இருக்கிறது. பிள்ளை பேசுவது 'இருக்கு', 'வந்துக்கிட்டிருக்காங்க'; புத்தகத்தில் இருப்பது 'இருக்கிறது', 'வந்துகொண்டிருக்கிறார்கள்'. எழுத்தை ஒலியாக்கிய பிறகும் அந்தச் சொல் தன் வாயில் புழங்காத சொல்லாக இருந்தால் அது சட்டென்று நினைவில் ஒட்டாது. கதைகளை எழுத்துத் தமிழில் நிறையப் படித்துக் காட்டுவது இதற்கு உதவும். படித்துக் காட்டும் வேலையை வீட்டில் அம்மாவோ பாட்டியோ செய்யலாம். பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவையில்லை.

சோதனை எதற்காக

சோதனை என்றதும் பெற்றோருக்குச் சான்றிதழ் நினைவுக்கு வரும், அல்லது பயம் வரும். சோதனையின் முதல் வேலை, நாளைக்கு எதைக் கற்பிப்பது என்று சொல்வது. அதைச் செய்யாத சோதனை எவ்வளவு தடித்த அறிக்கையாக வந்தாலும் பிள்ளைக்குப் பயனில்லை.

முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு சிறு பார்வைச் சோதனை. சில நிமிடங்களில் முடியும். யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று மட்டும் காட்டும். எழுத்தைக் காட்டி ஒலியைக் கேட்பது, 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்துவிட்டு மீதியைச் சொல்லச் சொல்வது, பழகிய படங்கள் சிலவற்றை வரிசையாகத் திரும்பத் திரும்ப அடுக்கி அவற்றின் பெயரை வேகமாகச் சொல்லச் சொல்வது ஆகிய மூன்றும் பல மொழிகளில் நல்ல முன்னறிகுறிகள் என்று தெரிந்திருக்கிறது. படப்பெயர் சொல்வதில் வேகம் வராத பிள்ளைக்குப் பின்னாளில் படிப்பிலும் வேகம் வருவது கடினமாக இருக்கிறது. இத்தகைய சோதனையை எல்லாருக்கும் வைப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் ஆண் பிள்ளைகளே மிகுதியாக இருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளையும் நேரடியாகச் சோதித்தபோது அந்தப் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வகுப்பில் ரகளை செய்யும் பையன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்து தோழியின் நோட்டைப் பார்த்து எழுதும் பெண் படுவதில்லை.

இரண்டாவது, தனிப்பிள்ளைக்கான விரிவான மதிப்பீடு. இதைச் சிறப்பாசிரியரும் உளவியலாளரும் செய்கிறார்கள். கண், காது சோதனைகள் முடிந்திருக்க வேண்டும். அதன்பின் எழுத்தறிவு, சொல் வாசிப்பு, பத்தி வாசிப்பு, கேட்டுப் புரிதல், படித்துப் புரிதல், சொல்வதெழுதுதல் ஆகியவற்றைத் தனித்தனியே பார்ப்பார்கள். இவற்றுள் பெற்றோருக்கு விந்தையாகப் படுவது பொருளில்லாச் சொற்களின் பட்டியல். 'டபாம்', 'மேபு', 'கொட்டிமை' என்று எந்த அகராதியிலும் இல்லாதவற்றைப் பிள்ளை படிக்க வேண்டும். நம் பள்ளிகளில் இதன் தேவை மிகுதி. பாடத்தைக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டு, விரலை வரியின்மேல் நகர்த்திக்கொண்டு ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. விரல் ஒரு சொல்லிலும் வாய் இன்னொரு சொல்லிலும் இருப்பதைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். பொருளில்லாச் சொல்லை யாராலும் மனப்பாடமாகச் சொல்ல முடியாது.

சொல்வதெழுதுதல் தாள் ஒன்று எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆறு சொற்களை இப்படி எழுதியதாகக் கொள்வோம்: பொம்மை–பெம்மை, தேங்காய்–தெங்காய், பட்டம்–படம், கொக்கு–கெகு, கோழி–கோலி, நாற்காலி–நார்காலி. சிவப்பு மையில் ஆறுக்குப் பூஜ்யம். தவறுகளைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. கடைசி இரண்டும் ல–ழ, ர–ற மயக்கம். பேச்சில் இவை கலந்துவிட்ட ஊர்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் செய்யும் பிழை, அவசரமில்லை. பொம்மையிலும் கொக்கிலும் துணைக்கால் விடுபட்டிருக்கிறது. தேங்காயில் நெடிலின் சுழி போடவில்லை. பட்டத்திலும் கொக்கிலும் ஒற்று விடுபட்டிருக்கிறது. ஆகவே நாளைய பாடம் ஒகரம், அடுத்து குறில்–நெடில், கூடவே இரட்டிக்கும் ஒற்றைக் காதால் பிடிக்கும் பயிற்சி. மெய்யெழுத்துகளின் வடிவம் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதும் அதே தாளில் இருக்கிறது. அவற்றைத் திரும்ப எழுதச் சொல்லி ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது, கற்பிக்கும்போதே வாரந்தோறும் எடுக்கும் அளவு. பிள்ளையின் நிலைக்கேற்ற ஒரு பத்தியை ஒரு நிமிடம் படிக்கச் சொல்லி, சரியாகப் படித்த சொற்களை எண்ணி, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பது. ஆறேழு வாரத்துக்குப் பின் புள்ளிகள் மேலேறாமல் படுத்துக் கிடந்தால் மாற வேண்டியது கற்பித்தல்: பாடத்தின் வேகத்தைக் குறைக்கலாம், பயிற்சியைக் கூட்டலாம், குழுவைச் சிறிதாக்கலாம். தமிழில் நேரத்தை அளப்பது மிக முக்கியம். 2001இல் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில மொழியினரை ஒப்பிட்ட ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளையில் ஒரே பகுதி மந்தமாக இருப்பது மூன்று மொழியிலும் தெரிந்தது. ஆனால் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் இத்தாலியத்தில் படித்தவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகப் படித்தார்கள். தமிழிலும் பெரிய வகுப்புக்கு வரும்போது பிழை குறைந்து மந்தம் மட்டும் மிஞ்சும். கடிகாரம் வைக்காத சோதனையில் அந்தப் பிள்ளை தேறிவிடும். மூன்று மணி நேரப் பரீட்சையில் பாதித் தாளை எழுதாமல் வந்து நிற்கும்.

இரண்டு மொழியில் படிக்கும் பிள்ளையை இரண்டிலும் சோதிக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்து, ஆங்கிலச் சோதனையில் மட்டும் வைத்து டிஸ்லெக்சியா என்று எழுதுவது பெரிய அநியாயம். அந்தப் பிள்ளைக்கு இருப்பது மொழி அறியாமையாக இருக்கலாம். தமிழிலும் ஒலியைப் பிரிக்கவும் எழுத்தோடு இணைக்கவும் திணறினால்தான் டிஸ்லெக்சியா என்று ஐயப்பட வேண்டும். இந்திய மொழிகளுக்கென்று தனித்த சோதனைகள் வர வெகுகாலம் ஆயிற்று. மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'டாலி' என்ற தொகுப்பு முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் வந்தது. ஆங்கிலச் சோதனையைத் தமிழில் பெயர்த்தால் போதாது. தமிழ்ச் சோதனையில் கொம்பும் குறில்நெடிலும் ஒற்றும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும்.

சோதனைகளில் சேராத சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். எழுத்தைத் திருப்பி எழுதுவது மட்டும் டிஸ்லெக்சியாவின் அடையாளமாகாது. எழுதத் தொடங்கும் பிள்ளைகள் பலரும் அப்படி எழுதுவார்கள். நிறக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றால் டிஸ்லெக்சியா தீரும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டறிக்கை விட்டார்கள். அவற்றுக்குச் செலவாகும் பணமும் மாதங்களும் கற்பித்தலுக்குப் போக வேண்டியவை.

சான்றிதழும் காத்திருப்பும்

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் ஒன்று. டிஸ்லெக்சியா அதில் அடங்கும். 2018இல் வந்த வழிகாட்டு நெறிகள், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைச் சான்றளிப்பதற்குக் குறிப்பிட்டன. அவற்றின்படி எட்டு வயது நிறைந்த பிள்ளைக்குத்தான் சான்று. அந்த வயதுவரம்புக்கு நியாயம் உண்டு. அதற்குமுன் தாமதமாகக் கற்பவரையும் டிஸ்லெக்சியா உள்ளவரையும் பிரித்தறிவது கடினம். தவறு எங்கே நேர்கிறது என்றால், சான்று வரும்வரை கற்பித்தலும் காத்திருப்பதில்தான். எழுத்தும் ஒலியும் எளிதில் பதியக்கூடிய ஐந்து, ஆறு, ஏழு வயது அப்படியே கழிந்துவிடுகிறது. ஒலிப்பயிற்சியும் வரிசையான எழுத்துப் பயிற்சியும் யாருக்கும் தீங்கு செய்பவை அல்ல. சான்று இல்லாமலே தொடங்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடும், உரிய உதவி கொடுத்தும் ஆறு மாதத்துக்குமேல் சிரமம் நீடித்தால்தான் கற்றல் குறைபாடு என்று உறுதிசெய்யச் சொல்கிறது. அப்படியானால் உதவிதான் முதலில் வர வேண்டும். அந்த உதவிக்கு எப்படிப் பலன் வந்தது என்ற பதிவே மதிப்பீட்டின் சிறந்த ஆதாரமாகவும் ஆகிறது.

தமிழ்நாட்டில் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. வகுப்பு நிலையை விட்டுப் பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்குவது நல்ல ஏற்பாடு. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அதற்கு மேலும் ஒரு படி வேண்டும்: மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழு, நாள்தோறும் அரைமணியாவது, எழுத்து வரிசையில் பயிற்சி பெற்ற ஆசிரியர். 1990களின் தொடக்கம் முதல் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் சென்னையில் இத்தகைய ஆசிரியர்களைப் பயிற்றுவித்துவருகின்றன. சிற்றூர்ப் பள்ளிக்கு இந்தப் பயிற்சி இன்னும் அரிதாகவே போய்ச்சேருகிறது.

உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபின் கண்டுபிடிக்கப்படும் பிள்ளைக்கும் காலம் கடந்துவிடவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு 'படம், மடம்' கொடுத்தால் அவமானமாக இருக்கும். அதே எழுத்து விதிகளை அறிவியல் பாடச் சொற்களைக்கொண்டு கற்பிக்க வேண்டும். 'ஒளிச்சேர்க்கை' என்பதை ஒளி, சேர்க்கை என்று பிரித்தால் வாசிப்பும் பொருளும் ஒன்றாக வரும். கூடவே பாடத்தின் சுமையை வேறு வழியில் குறைக்க வேண்டும். பாடத்தைக் கேட்கும் வசதியும், எழுத்தைத் தமிழில் படித்துக் காட்டும் செயலியும் இன்று சாதாரணக் கைப்பேசியில் இருக்கின்றன.

பொதுத்தேர்வில் சான்று பெற்ற மாணவருக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. சி.பி.எஸ்.இ. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுகிறது. விடையை மனதில் வரிசைப்படுத்தி, மற்றவர் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வது தானே ஒரு திறன். அந்தப் பழக்கம் இல்லாமல் தேர்வறைக்குப் போகும் மாணவர், எழுத ஆள் இருந்தும் மௌனமாக உட்கார்ந்திருப்பார். ஆகவே இந்தச் சலுகைகளை ஒன்பதாம் வகுப்பின் மாதத் தேர்வுகளிலேயே கொடுத்துப் பழக்கத் தொடங்க வேண்டும். எழுதுபவராக வருகிறவரும் அந்தத் தேர்வுகளில் மாணவரோடு உட்கார்ந்து பழகியவராக இருந்தால் நல்லது.